லக்கேஜ் பேசக்கூடாது

ஆடி 1, வியாழன்

இந்த டைரி காருக்காக வாங்கியது. எண்ணெய் மாற்றியது, டயருக்குக் காற்றடித்தது போன்றவற்றைத் தேதி போட்டு எழுதிவைக்க. மோட்டார் பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனால் எதையும் எழுதாமல் விட முடியாது.

வண்டி: சிவப்பு. இரண்டே இருக்கை. என்ஜின் முதுகுப்பக்கம். கூரை துணியால் ஆனது. ஒரு மில்காரர் மகன் பந்தயம் ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்தது. இன்றைய ஓட்டம்: இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றதால் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை.

குட்டியானையில் வந்தவர் என் மச்சான் துரைசாமி. தன் தங்கையை, அதாவது என் மனைவி வேணியை, ஆடிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆடி மாதம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். வேணியின் துணிமணி ஏறியது, உளுந்து மூட்டை ஏறியது, கடைசியாக நாலு பேர் பிடித்து அவளுடைய கல் கிரைண்டரை ஏற்றினார்கள். ஒரு மாதத்துக்கு அவளுக்கும் இட்லி வேண்டும் அல்லவா.

எதிர்வீட்டு கஸ்தூரி டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "ஆடிக்கு அழைக்கறது புதுசாக் கல்யாணமான பொண்ணத்தானுங்களே?" என்றார்.

"அவங்க ஊர்ல கொஞ்சம் லேட்டு" என்றேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

ஆடி 2, வெள்ளி

வண்டியைத் துடைத்தேன். மோர்ச்சோறு.

ஆடி 4, ஞாயிறு

போன் செய்தேன். மச்சான்தான் எடுத்தார். வேணி குளிக்கிறாளாம். காலையில் செய்தபோதும் குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மச்சான் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "மாப்ளை, நேராவே சொல்லீர்றனுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி நீங்க வாங்க. அவளும் அவ கிரைண்டரும் ஏறுற மாதிரி வண்டியோட வாங்க. ஏறுச்சுன்னா வருவா. ஏறலீன்னா இங்கயே பஸ் ஸ்டாப்புக்கிட்ட ஒரு ரூம் பாத்து வெச்சிருக்குது, மாவுக்கடை போட்டுக்குவா. எனக்கு ரெண்டும் சரிதான்."

வேணி இங்கே இட்லி மாவு அரைத்து நாலு தெருவுக்கு விற்று வந்தாள். டப்பாக்களைக் கொண்டுபோக எங்களிடம் ஒரு வெள்ளை வேன் இருந்தது. பதினோரு வருடம் அவள்தான் ஓட்டினாள். எந்நேரமும் புளித்த வாடை. புதுக் கார் வந்தால் நிறுத்த இடம் வேண்டும், அதனால் வேனைக் கொடுத்துவிட்டேன். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வாங்குகிற ஆள் வந்தான். அவன் அவசரத்தில் இருந்தான்.

ஆக, இது குடும்பப் பிரச்சினை அல்ல. சாமான் வைக்க இடம் இல்லாத பிரச்சினை. முன்பக்க மூடியைத் திறந்து அளந்தேன். ஸ்டெப்னி டயர் போக ஒரு தேங்காய் வைக்கலாம். பின்பக்க மூடிக்கு மேல் ஒரு கேரியர் போட்டால் எல்லாம் தீர்ந்தது.

ஆடி 6, செவ்வாய்

கேரியருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. கிரில் பட்டறை பால்ராஜ். நம்பிக்கையான ஆள் என்று அவரே சொன்னார்.

"கேரியருங்களா? எத்தனை அடுக்குங்க?"

"சோத்துக் கேரியர் இல்லீங்க. சாமான் வெக்கற கேரியர். வண்டிக்கு."

"அப்பிடிச் சொல்லுங்க. வண்டிக் கேரியர். சின்னப் பையன்ல இருந்து போட்டுட்டிருக்கறனுங்க."

அளவுகளைப் படமாக வரைந்து கொடுத்தேன். நீளம், அகலம், குழாயின் கனம், அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் எல்லாம் அதில் உண்டு. அவர் படத்தைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியுடன் மடித்து வைத்துக்கொண்டார்.

ஆடி 11, ஞாயிறு

கேரியர் மாட்டியாயிற்று. மனதை ஒருநிலைப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

அளவு துல்லியமாக இருக்கிறது. வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் பால்ராஜ் செய்து கொண்டுவந்திருப்பது சைக்கிள் கேரியர். நாலடி அகலத்தில் ஒரு சைக்கிள் கேரியர். கறுப்பு பெயின்ட், கீழே தாங்குகம்பி, மேலே பொருளை அமுக்கிப் பிடிக்கிற அந்த ஸ்பிரிங் கம்பி, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஒன்று குறையவில்லை. ஸ்பிரிங் மட்டும் சைக்கிளுக்குரியது அல்ல. அந்த அளவுக்கு எங்கும் கிடைக்காததால் லாரியிலிருந்து ஏதோ கழற்றிப் போட்டாராம்.

"காருன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றார் பால்ராஜ்.

"நாலடி அகலத்துக்கு எந்த சைக்கிளுங்க இருக்குது?"

"நானும் அதத்தானுங்க ரோசன பண்ணுனேன். பெரிய எடம், எதுக்குக் கேக்கோணும்னு உட்டுட்டேன்."

பிறகு அவரே ஏறி உட்கார்ந்து குதித்துக் காட்டினார். வண்டி ஆடியது, கேரியர் அசையவில்லை. "ஒரு ஆளு தாராளமா டபுள்ஸ் போலாமுங்க" என்றார். 

கஸ்தூரி டீச்சர் பால் வாங்கப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, ஸ்டாண்டு எங்கே என்று கேட்டார்.

ஆடி 12, திங்கள்

முதல் சோதனை ஓட்டம். சுமை: ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை. ஸ்பிரிங்கைத் தூக்க இரண்டு கையும் ஒரு முழங்காலும் வேண்டியிருக்கிறது. விட்டதும் சூட்கேஸின் மூடி ஒரு விரற்கடை உள்ளே போய்விட்டது. பிடிமானம் சிறப்பு.

பல்லடம் ரோட்டில் ஆடிக்காற்று. மச்சான் ஊருக்குப் போகும் வழி அதுதான் என்பதால் அங்கேயே ஓட்டிப் பார்ப்பது நியாயம். சூட்கேஸ் வந்தது. தலையணை ஒரு காற்றாலையை நோக்கிப் போய்விட்டது. ஆடி மாதத்தில் எதெது பறக்கும் என்று நம் ஊரில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை இதுவரை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. கிரைண்டருக்குள் இருப்பதும் கல்தான் என்பதை நினைத்துக்கொண்டு வீடு வரை மெதுவாகவே ஓட்டினேன். ஆவணியில் காற்று தணிந்துவிடும். தணிய வேண்டும்.

ஆடி 14, புதன்

போன் செய்தேன். குளிக்கிறாள்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. மாவுச் சோதனை.

நோக்கம்: வேன் செய்த வேலையை இந்தக் காரும் செய்யும் என்று நிரூபிப்பது. நிரூபித்துவிட்டு வேணிக்குச் சொன்னால் அவளால் மறுத்துப் பேச முடியாது. நாலு தெரு தள்ளி ஒரு கடையில் அரைத்த மாவு வாங்கி, வேணி விட்டுப்போன எவர்சில்வர் டப்பா இரண்டில் நிரப்பி, கேரியரில் வைத்து, ஸ்பிரிங்கை மாட்டினேன். அவளுடைய பழைய வாடிக்கையாளர்கள் வீடு வீடாகப் போய்க் கொடுப்பதாகத் திட்டம்.

வடிவமைப்பில் ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. என்ஜின் பின்னால் இருக்கிறது. கேரியர் என்ஜினுக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது தெரு திரும்பும்போதே மாவு புளித்துப் பொங்கத் தொடங்கிவிட்டது. சாதாரணமாக மூடி தூக்கிக்கொண்டு கொஞ்சம் வழியும், அவ்வளவுதான். இங்கே லாரி ஸ்பிரிங் மூடியைத் தூக்கவிடவில்லை. மாவு சுற்றிலும் கிடைத்த இடுக்கில் எல்லாம் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடு தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ ஏறி வருகிறது. நிறுத்தவும் பயம், ஓட்டவும் பயம். தெருநாய்கள் ஓடிவந்தன. அவற்றைப் பார்த்துப் புது நாய்கள் சேர்ந்தன. பெருக்கு அன்றைக்குச் சாமி கும்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டது. அதில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என்ஜின் மூடியின் மேல் வழிந்தது அங்கேயே வெந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்தேன். ஒரு பக்கம் நன்றாகவே முறுகியிருந்தது.

"பதினெட்டாம் பெருக்குங்கறது இதானுங்களா?" என்றார் கஸ்தூரி டீச்சர். பாத்திரத்தோடு வந்திருந்தார். டப்பாவில் மிச்சமிருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வேணியோட மாவு இல்லீங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆடி 20, செவ்வாய்

வேணி பேசினாள். அவளே கூப்பிட்டாள். டீச்சர் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"ஏனுங்க, கடை மாவ வாங்கி என்ர டப்பாவுல ஊத்தினீங்களாமா?"

நான் சோதனையின் நோக்கத்தை விளக்கினேன்.

"என்ர டப்பாவுலயா?" என்றாள் மறுபடியும். மற்றதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.  பிறகு, "வேன் இப்ப எங்கீங்க இருக்குது?" என்றாள்.

நான் புதுக் காரின் குதிரைத்திறனைப் பற்றிச் சொன்னேன். என்ஜினைப் பின்னால் வைப்பதன் நன்மைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது லைன் துண்டிக்கப்பட்டது. ஆடிக்காற்றில் டவர் சரியாக இருப்பதில்லை.

ஆடி 22, வியாழன்

உக்கடம் பக்கம் வேறு வேலையாகப் போனேன். வேன் மீன் மார்க்கெட் வாசலில் நின்றது. பின்கண்ணாடியில் 'வேணி மாவு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். பச்சை எழுத்து, அவளே தேர்ந்தெடுத்தது. வாங்கியவன் 'மாவு' என்பதை மட்டும் சுரண்டிவிட்டு 'மீன்' என்று எழுதியிருக்கிறான். வேணி மீன்.

திரும்பக் கொடுப்பாயா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "பேரு ராசியா இருக்குதுங்க, தரமாட்டேன்" என்றான்.

ஆடி 23, வெள்ளி

வண்டி எடுக்கவில்லை.

ஆடி 26, திங்கள்

எடைச் சோதனை. ஆடி 12-லேயே செய்திருக்க வேண்டியது. மச்சானுக்கு போன் செய்து கிரைண்டரின் எடையைக் கேட்டேன். அவர் நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிச் சொன்னார். நான் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி நின்றேன். கிரைண்டர் என்னைவிட கனம்.

அதே எடைக்கு சிமெண்டு மூட்டை வைத்துக் கட்டி ஓட்டியதில் கேரியர் தாங்கியது. வண்டி தாங்கவில்லை. பின்னால் அவ்வளவு பாரம் ஏறியதும் முன்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் வருகின்றன. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி அது நினைத்த பக்கம் போகிறது. மேட்டில் ஏறும்போது எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. ஆகவே கிரைண்டர் கேரியரில் வர முடியாது. இருக்கையில்தான் வர வேண்டும். இருக்கை இரண்டு. நான், வேணி, கிரைண்டர் என்று கணக்கு மூன்று. எப்படிப் போட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது.

மூட்டையை இறக்கும்போது ஸ்பிரிங் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் கொடுக்க வாகு கிடைக்கவில்லை. உதவிக்குக் கூப்பிடவும் கூச்சம். வண்டியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பவன் மாதிரி நின்றேன். பத்திரிகைக்காரர், கேஸ் சிலிண்டர்காரர் எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் டீச்சர்தான் வந்து ஒரு பக்கம் தூக்கினார்.

"அவங்க வரலீன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார், வேட்டியை விடுவித்தபடியே.

"கேரியரக் கழட்டிருவேன்" என்றேன். வேறு என்ன சொல்வது. அவள் வராவிட்டால் எனக்கு எதுவுமே ஓடாது. இதை எழுதியது பேனாதான், அடித்துவிட்டால் தாள் கிழியும் என்பதால் அப்படியே விடுகிறேன்.

ஆடி 31, சனி

வண்டியைக் கழுவினேன். என்ஜின் இடுக்கில் இன்னும் தோசை இருக்கிறது. நாளை.

ஆவணி 1, ஞாயிறு

காலையில் கிளம்பி, மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காற்று கொஞ்சம் குறைவு. வாசலில் மச்சானும் அவர் மனைவியும் அக்கம்பக்கத்துச் சனமும் நின்றிருந்தார்கள். கேரியரைப் பார்த்ததும் எல்லோரும் வண்டியின் பின்பக்கம் கூடிவிட்டார்கள். வேணி வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஸ்பிரிங் கம்பியை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். அது கோயில் மணி மாதிரி நெடுநேரம் அதிர்ந்தது.

"இதென்னுங்க?"

"கேரியர்."

"யாரு போட்டது?"

"நாந்தான். உனக்காகத்தான்" என்றேன். வரும் வழியெல்லாம் இதைவிட நீளமாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "மாப்ளை, கிரைண்டரு எங்க ஏறும்?"

இருக்கையில் என்றேன். வேணி எங்கே என்றார். இன்னோர் இருக்கையில் என்றேன். ஓட்டுவது யார் என்று அவர் கேட்பதற்குள் நான் சாவியை வேணியிடம் நீட்டிவிட்டேன். அதற்கு முன்னால் அப்படி நான் முடிவு செய்திருக்கவில்லை. கை தானாகப் போனது. மில்காரர் மகனிடம் வாங்கியதிலிருந்து அந்தச் சாவியை நான் குளிக்கும்போதுகூட வெளியே வைத்ததில்லை.

அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "அப்ப நீங்க?"

"நான் கிரைண்டரவிட லேசு. நிறுத்துப் பாத்துட்டேன்."

வேணி சிரித்தாள் என்று சொல்ல முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அந்த வாசலில் நின்ற நேரம் எனக்குத்தான் தெரியும். திரும்பி வந்தபோது ஒரு கையில் துணிமூட்டை இருந்தது; மறு கையால் சாவியை வாங்கிக்கொண்டாள்.

நாலு பேர் தூக்கி கிரைண்டரை இருக்கையில் உட்கார வைத்தார்கள். வேணி அதற்கு பெல்ட் போட்டுவிட்டாள். நான் கேரியரில் ஏறி, சைக்கிளில் பெண்கள் உட்காருவதுபோல ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். கல்யாணமான புதிதில் என் சைக்கிளில் அவள் இப்படித்தான் வருவாள். துணிமூட்டையை என் மடியில் வைத்தாள். அண்ணனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி ஸ்பிரிங்கைத் தூக்கி, மூட்டையோடு சேர்த்து என்னை அமுக்கி மாட்டினாள். மூச்சு விடுவது கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆனால் இந்த ஒரு மாதத்தில் யாரும் என்னை இவ்வளவு பத்திரமாக வைக்கவில்லை.

நன்றாக ஓட்டுகிறாள். எனக்குக் கியர் மாற்றும்போது வருகிற அந்தக் கரகர சத்தம் அவளுக்கு வரவே இல்லை. கீழே என்ஜின் சூடு ஏற ஏற, மாவு பட்ட பாடு எனக்குப் புரிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்காரர் முந்திப் போக மறந்து நெடுந்தூரம் பின்னாலேயே வந்தார். நான் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

ஒரு நாற்சந்தியில் போலீஸ்காரர் கை காட்டினார். வந்து கிரைண்டரைப் பார்த்தார். அதன் பெல்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பின்பக்கம் வந்தார்.

"என்னம்மா இது?"

"லக்கேஜுங்க" என்றாள் வேணி, முன்னால் பார்த்தபடியே.

"சார், ஒரு ஆளு தாராளமாத் தாங்கும், பட்டறைக்காரரே சோதிச்சு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"லக்கேஜ் பேசக்கூடாதுங்க" என்றாள்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கெரைண்டரு பெல்ட்டு போட்டிருக்குது. அம்மா பெல்ட்டு போட்டிருக்கறாங்க. நீங்க ஒருத்தருதான் இதுல சேத்தி இல்லீங்க" என்றார். அவரும் வேணியும் சேர்ந்து ஸ்பிரிங்கைத் தூக்க, நான் இறங்கினேன். பின்னால் வந்துகொண்டிருந்த பஸ்காரர் கேட்காமலே எனக்காக நின்றார். உட்கார இடம் கொடுத்தார்கள். கேரியரில் என்ன தெரிந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வந்த வழி முழுக்கத் தெரிந்தது என்றேன்.

தெருமுனையில் திரும்பும்போதே வீட்டிலிருந்து கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். எனக்கு முன்னால் கஸ்தூரி டீச்சர் பாத்திரத்தோடு நின்றிருந்தார். அதனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"கை களுவிட்டு வாங்க, உளுந்து தள்ளி உடோணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆவணி 2, திங்கள்

வண்டி ஓட்டம்: நாலு தெரு. ஓட்டியது: வேணி. போகும்போது டப்பாக்கள் இருக்கையில், நான் கேரியரில். என்ஜின் சூட்டில் மாவு கெடுகிறது, ஆள் கெடுவதில்லை என்பது அவள் முடிவு. பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பால்ராஜ் பட்டறையிலிருந்து வெளியே வந்து, நான் அப்பவே சொன்னேன் பாருங்க என்று கையைக் காட்டினார்.

கடைசி வீட்டில் கொடுத்து முடித்ததும், "வேணி, அந்த வேனு..." என்று ஆரம்பித்தேன்.

"மீன் வண்டியா? டீச்சர் போட்டோ அனுப்பிச்சாங்க" என்றாள். "அடுத்த தடவ எதையாச்சும் விக்கோணும்னா என்னையும் கேளுங்க. என்னைய வித்தாலும் சரி."

சரி என்றேன். அவள் காலி டப்பாக்களை எடுத்துக் கேரியரில் அடுக்கி, என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி ஸ்பிரிங்கை மாட்டினாள். பிறகு பக்கத்து இருக்கையில் சிந்தியிருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டு, அதைத் தட்டிக் காட்டினாள்.

உட்கார்ந்தேன். பெல்ட் கிரைண்டரின் அளவுக்குத் தளர்த்தியிருந்தது. அவளே இழுத்துச் சரி செய்தாள்.